இணுவிலுக்கு ஒரு நாயனம்

முதல் நாள்: கடல்

திருச்சியில் ராத்திரி பஸ் பிடித்து, விடிவதற்கு முன்பே நாகப்பட்டினத்தில் இறங்கினேன். தோளில் ஒரு துணிப்பை, கையில் நாயனப் பெட்டி. நாதஸ்வரத்தை நாங்கள் நாயனம் என்றுதான் சொல்வோம். பையைச் சோதனைக்குக் கொடுத்தேன். பெட்டியை மட்டும் கையை விட்டு இறக்க மனம் வரவில்லை. சுங்க அதிகாரி திறக்கச் சொன்னார். சிவப்புத் துணியை விலக்கினேன். நாயனத்தின் மரக் குழலை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"கச்சேரிக்குப் போறீங்களா?"

"கச்சேரி இல்லை சார். ஒருத்தருக்கு வாசிக்கப் போறேன்."

"ஒருத்தருக்கா?"

"ஆமாம் சார்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. துணியை அவரே ஒழுங்காகப் போர்த்தி, பெட்டியை மூடிக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். எங்கள் தாத்தா காலத்து வித்வான்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் பிடித்து யாழ்ப்பாணம் போய்த் திருவிழா வாசித்துவிட்டு வருவார்களாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் சண்டை தொடங்கியதும் அதுவும் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து இந்தக் கப்பல் விட்டது 2023 அக்டோபரில்தான். இடையில் அத்தனை வருடம் இந்தக் கடலைக் கள்ளத்தோணியில் கடந்தவர்கள்தான் அதிகம். நான் பார்க்கப் போகிற ஐயாவும் அப்படி வந்தவர்தான். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது தன் ஊரான இணுவிலை விட்டுக் கிளம்பி, சாவகச்சேரி, வன்னி, மன்னார் என்று அலைந்து, ராமேசுவரத்தில் கரையேறி, மண்டபம் முகாமில் பதிந்து, கடைசியில் உறையூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு வந்தார். இணுவிலில் புகையிலை வியாபாரம் செய்தவர். உறையூரும் சுருட்டுக்குப் பேர்போன ஊர். ஒரு சுருட்டுக் கடையில் கணக்கு எழுதப் போனார். சுவிஸிலிருந்து மகன் அனுப்பும் பணம் வாடகைக்குச் சரியாக இருக்கும்.

1997 ஐப்பசி. எனக்கு 13 வயது. அப்பா கோயில் நாதஸ்வரக்காரர். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்க முடியாமல் படுத்திருந்தார். அவர் வாசித்த நல்ல நாயனம் அடகுக் கடையில் இருந்தது. வீட்டில் மிஞ்சியது கீறல் விட்ட ஒரு பழைய திமிரி, அதாவது குட்டை நாயனம். கீறலில் மெழுகை உருக்கி ஊற்றி அதில்தான் பழகினேன். நாங்கள் இருந்தது வரிசை வீடு. "காலையிலேயே சாவு மேளம் மாதிரி" என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். வீட்டுக்காரர் இனி இங்கே ஊதக்கூடாது என்று சொல்லிவிட்டார். குடமுருட்டிக் கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. வெள்ளை வேட்டி, கையில் குடை. எத்தனை நாளாக அங்கே வந்து நின்றாரோ தெரியாது. அன்றைக்குத்தான் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, மேல் ஸட்ஜத்துக்குப் போகேக்குள்ள ஏன் வெருளுறீர்?"

பேச்சு பாதி புரியவில்லை. வெருளுவது என்றால் மிரளுவது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் 'வெருளுறீர்' என்பதில் இருந்த 'ஈர்' புரிந்தது. என்னை அதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. எங்கள் அப்பாவையே கோயிலில் சின்னப் பையன்கள்கூட 'வா', 'போ' என்றுதான் கூப்பிடுவார்கள். பதின்மூன்று வயதுப் பையனை, கிழிந்த டிராயரோடு மணலில் உட்கார்ந்திருந்தவனை, அவர் 'நீர்' என்றார். யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் இளையவர்களை அப்படித்தான் அழைப்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அந்த 'நீர்' எனக்குச் சாதாரணமாகிவிடவில்லை.

மறுநாளே அவர் வீட்டு மொட்டை மாடி எனக்குச் சாதகம் செய்யும் இடம் ஆயிற்று.

காங்கேசன்துறையில் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. யாழ்ப்பாணம் போகும் பஸ் மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போயிற்று. நடத்துநர் "இணுவில், இணுவில்" என்று கத்தியபோது எழுந்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்தேன். போனில் ஐயா சொல்லியிருந்தார்: "முதல்ல நல்லூரானைக் கும்பிட்டுப்போட்டு, நாளைக்குப் பின்னேரம் வீட்ட வாரும்." அவர் சொல்லை மீறிப் பழக்கமில்லை. ஜன்னல் வழியே இணுவில் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் நாள்: நல்லூர், பிறகு இணுவில்

காலை நாலரைக்கெல்லாம் நல்லூரில் நின்றேன். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசை குறித்த நேரத்துக்கு நடக்கிறது. யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய். போர்த்துக்கேயர் 1621இல் பழைய கோயிலை இடித்துப் போட்ட பிறகு, இப்போதுள்ள கோயில் எழுந்தது ஒல்லாந்தர் காலத்தில், 1734 வாக்கில்.

உள்ளே மேளம் கேட்டது. தூணோரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன். யாழ்ப்பாணத்துத் தவிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் கேட்டது இன்றுதான். வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, அரிசியைத் தரையில் கொட்டினால் மணி மணியாகத் தெறிக்குமே, அப்படிக் கேட்டது. நாயனக்காரர் ராகத்தை நீட்டவில்லை. பூசைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். அதிலும் ஒரு இடத்தில் காந்தாரத்தைப் பிடித்து அசைத்துவிட்டுப் போனார். அடடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். பிளேன்டீயோடு ஒரு துண்டு பனங்கட்டி வைத்தார்கள். கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். நான் பனங்கட்டியை டீயில் போட்டுக் கலக்கியதைப் பார்த்துக் கடைக்காரர் இன்னொரு துண்டு தந்து வழி காட்டினார்.

நல்லூரைப் பற்றி ஐயா மொட்டை மாடியில் சொன்ன கதை ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கே வில்லவராய முதலியார் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவரை நாடி வந்த ஒரு புலவர், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களிடம் வீடு எது என்று விசாரித்தார். அதில் ஒரு பையன் வெண்பாவிலேயே வழி சொன்னான். பொன் போலப் பூவைச் சொரிந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நிழல் தந்துகொண்டு ஒரு கொன்றை மரம் நிற்கிறதே, அதுதான் வில்லவராயன் வாசல் என்று. அந்தப் பையன் முதலியாரின் மகனேதான். வளர்ந்து சின்னத்தம்பிப் புலவர் ஆனவர். பிற்பாடு அவரே, தன்னை ஆதரித்த கரவெட்டி வேலாயுதத்தின் மேல் 'கரவை வேலன் கோவை' பாடினார்.

நாவலர் மணிமண்டபத்தையும் எட்டிப் பார்த்தேன். ஆறுமுக நாவலர் பிறந்தது இந்த நல்லூரில்தான், 1822இல். பரிமேலழகர் உரையோடு திருக்குறளை அவர் 1861இல் பதிப்பித்தபோது ஆதரவாக நின்றவர் இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர். அந்தக் கரையிலிருந்து இந்த ஊர்க்காரருக்கு ஒரு கை நீண்டது. என் விஷயத்தில் இந்தக் கரைக்காரர், அதுவும் வீடு வாசல் எல்லாம் இழந்து வந்து நின்றவர், கையை நீட்டினார். கோவை பாடும் அளவுக்கு எனக்குத் தமிழ் வராது. நாயனம் வரும், அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பின்னேரம் இணுவில். பிரதான வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் வேலி, மேலே பனை ஓலை, கீழே செம்மண். வாசலில் ஐயா நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாகவோ. 84 வயது. அந்த உயரமான மனிதர் தோள் வரைக்கும் குறுகிப் போயிருந்தார். ஆனால் அதே வெள்ளை வேட்டி. காலில் விழுந்தேன். எழுப்பக் குனிய முடியாமல் என் தலையில் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

"வாரும் தம்பி. களைச்சுப்போனீரோ?"

2010இல் அவர்கள் ஊர் திரும்பியபோது நான் சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மொட்டை மாடி வீட்டில் வேறு ஆள். முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லை. அப்புறம் போன் எண் கிடைத்தது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுவோம். ஆனால் ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருடம்' என்று தள்ளியே வந்தேன். பாஸ்போர்ட், பெண்ணின் படிப்பு, பணம் என்று காரணத்துக்குக் குறைவில்லை. பதினைந்து வருடம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது ஐயாவின் மனைவி உள்ளேயிருந்து வந்துவிட்டார். அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

"எவ்வளவு மெலிஞ்சு போனீங்கள்! கால்முகம் கழுவிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி ஊத்துறன். உங்கட ஃபோன் வந்த நாள் தொடக்கம் இந்த மனுசனுக்கு நித்திரை இல்லை."

ராத்திரி இடியப்பமும் சொதியும். சாப்பிட்டு முடித்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து வைத்தார். மிளகு போட்ட பால். உறையூரில் ஐந்து வருடம் சாதகம் முடிந்ததும் எனக்குக் கிடைத்த அதே பால். 'மூச்சுக் கட்டும்' என்று சொல்லித் தருவார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தேநீருக்கே பால் இல்லை.

மூன்றாம் நாள்: தூண் நின்ற கல்

காலையில் ஐயா ஊர் காட்டக் கிளம்பிவிட்டார். ஒரு கையில் தடி, மறு கையில் என் தோள். செம்மண் தோட்டத்தில் புகையிலை வெட்டும் காலம். இலையின் வாசனை ஒழுங்கை வரை வந்தது. ஐயா ஓர் இலையை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், "இது ஒரு கிழமை முந்தி வெட்டியிருக்க வேணும்" என்றார். நாயனத்திலும் அப்படித்தான். சுரம் விழுந்த உடனே சொல்லிவிடுவார், முந்தியா பிந்தியா என்று.

கந்தசுவாமி கோயிலில் மஞ்சம் நிற்கும் கொட்டகையைக் காட்டினார். மஞ்சம் என்றால் சாமி வலம் வரும் தேர் போன்ற ஒன்று. மேலே பார்க்கக் கழுத்து வலிக்கிறது, அவ்வளவு உயரம். தைப்பூசத்தில் வெளியே வருமாம். மருதனார்மடம் வரை போனோம். 1960இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இப்போது அதன் ஒரு பீடமாகிவிட்ட இராமநாதன் நுண்கலைக் கழகம் அங்கேதான் இருக்கிறது. உள்ளே யாரோ வர்ணம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஐயா மதிலோரம் நின்று அதையும் முடியும் வரை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

இந்த ஊரும் பக்கத்து அளவெட்டியும் மேளக்காரர் ஊர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்தது இணுவிலில். அளவெட்டி நாதஸ்வரம் என்றால் என். கே. பத்மநாதன். தட்சிணாமூர்த்தி தமிழ்நாட்டுக்கு வந்து வாசித்தபோது அங்கே பெரிய பெரிய தவில்காரர்களே வாய் பிளந்து கேட்டார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். 1975இல், நாற்பது சொச்சம் வயதிலேயே அவர் போய்விட்டார். ஐயா அவரைப் பலமுறை நேரில் கேட்டவர்.

"எங்கட அப்பு ஒரு திருவிழாவுக்கு உபயகாரர். ரெண்டு சோடி நாயனம், நாலு தவில். இந்தியாவில இருந்தும் ஆக்களைக் கூப்பிடுவர். இரவு பத்துக்குத் தொடங்கினால் விடியுமட்டும். வண்டில் கட்டிக்கொண்டு சனம் வந்து மணலில இருக்கும். தட்சிணாமூர்த்தி தனி வாசிக்கேக்க ஒரு குழந்தைப்பிள்ளை அழாது, தம்பி. காசு குடுத்திட்டு வீட்ட போய்ப் படுக்கிற உபயகாரரும் இருந்தவைதான். அப்பு அப்பிடியில்லை. விடியுமட்டும் முன்னுக்கு இருப்பர். நான் அவற்ற மடியில நித்திரையாப் போவன். தவில் எழுப்பும்."

இதைக் கேட்டபோதுதான் உறையூர் மொட்டை மாடி எனக்குப் புரிந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து எதிரே போட்டு உட்காருவார். பாலபாடமான சரளி வரிசையை நான் வாசித்தாலும் அவர் அதே போல்தான் உட்கார்ந்திருப்பார், பெரிய வித்வான் முன்னால் உட்காருவது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு. எழுந்து போனதில்லை, நடுவில் யாரோடும் பேசியதில்லை. இன்றைக்கு நான் வாசிக்கும் கல்யாண மண்டபங்களில் மைக்கில் ஒருவர் பேர் வாசிப்பார், பின்னால் பாட்டுக் கச்சேரிக்கு ஸ்பீக்கர் கட்டுவார்கள், 'கெட்டிமேளம்' என்று கை காட்டினால் கொட்டிவிட்டு நிறுத்த வேண்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் நான் வாசிப்பது கேட்கத் தக்கது என்று அந்த வயதிலேயே எனக்குள் ஒரு நம்பிக்கை விழுந்ததே, அது அந்த நாற்காலியிலிருந்து வந்தது.

மத்தியானம் ஐயா படுத்துவிட்டார். நான் விறாந்தையில் உட்கார்ந்து, நாயனத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் நாலு சிமெண்டுத் தூண். முற்றத்து ஓரத்தில் இரண்டு பழைய கல் கிடந்தது. சதுரமாக, நடுவில் வட்டமாக ஒரு குழி. குழியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது, காகம் வந்து குடித்துவிட்டுப் போயிற்று. இது என்ன அம்மா என்று கேட்டேன்.

"பழைய வீட்டுத் தூண் நிண்ட கல்லு. அவற்ற தாத்தா கட்டின வீடு. நாங்கள் திரும்பி வரேக்க கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை, தூணும் இல்லை. எல்லாம் கழட்டிக்கொண்டு போட்டினம். இந்தக் கல்லை மட்டும் எடுக்க அவர் விடமாட்டார். அங்க திருச்சியில இருக்கேக்கையே, வீடு இப்பிடிப் போட்டுது எண்டு ஊரால கடிதம் வந்தது. நீங்கள் ரெண்டு பேரும் நாயனம் வாங்கப் போனதுக்கு முதல் கிழமை."

கையில் இருந்த சீவாளியை அப்படியே வைத்துவிட்டேன்.

1998 மார்ச். ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போய், அங்கிருந்து நாதஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டை போனார். நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம்தான் உயர்ந்தது. அதுவும் புது மரம் உதவாது. எச்சில் ஈரம் பட்டுப் பட்டு வெடித்துவிடும். பல காலம் காற்றிலும் வெயிலிலும் நின்று காய்ந்த மரம் வேண்டும். அதற்காக இடிக்கிற பழைய வீடுகளின் தூணையும் உத்திரத்தையும் வாங்கி வைத்திருப்பார்கள். ஆசாரி அப்படி ஒரு தூண் துண்டைக் காட்டினார். ஐயா அது எந்த ஊர் வீடு, யார் வீடு, எப்போது இடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆசாரிக்கே அலுத்துவிட்டது. அப்புறம் அதன் மேல் உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அப்போது பசி. எப்போது சாப்பிடப் போவோம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இதிலயே செய்யுங்கோ" என்றார். பாரி நாயனம், இரண்டரை அடிக்கு மேல் நீளம். அந்த ஊர் ரங்கநாத ஆசாரி, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுத்த மத்தியமம் என்ற சுரம் சுத்தமாகப் பேசும்படி துளைகளை மாற்றி அமைத்தாரே, அந்த வழியில் செய்தது. விலை 4,500 ரூபாய்.

"அண்டைக்கு இரவு வந்து என்னட்டச் சொன்னவர், 'ஒரு தூண் தப்பிச்சுது' எண்டு. எனக்கு அப்ப விளங்கேல்லை" என்றார் அம்மா.

நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, துணியை விலக்கி, நாயனத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இருபத்தேழு வருடமாக உதட்டில் வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள்: வைரவர்

ஐயா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வைரவர் கோயில். கோயில் என்றால் ஒரு வேப்ப மரம், அதனடியில் ஒரு சூலம், மேலே தகரக் கூரை. அவ்வளவுதான். "பெரிய கோயில்ல வாசிக்க எல்லாருக்கும் ஆசை. எங்கட வைரவருக்கு ஆர் வாசிக்கினம்? இங்க வாசியும்" என்று சொல்லியிருந்தார். விடிந்தும் விடியாத நேரம். ஊர்க்காரத் தவில் தம்பி ஒருவர் வந்திருந்தார். இருபது இருபத்திரண்டு வயது, பகலில் ஓட்டோ ஓட்டுகிறவர். வண்டியின் பின் சீட்டிலிருந்து தவிலை இறக்கி, விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். சுருதிக்குப் போனில் ஒரு செயலியைப் போட்டு வைத்தோம்.

ஐயாவுக்கு நாற்காலி போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிதான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

மல்லாரியில் தொடங்கலாம், அப்புறம் பூபாளம், கடைசியில் தோடி என்று ராத்திரி முழுக்க மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு, "என்ன வாசிக்கட்டும் ஐயா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"சரளி வரிசை" என்றார்.

தவில் தம்பி என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாயாமாளவகௌளை. ஸ ரி க ம ப த நி ஸ. முதல் காலம். இதை இவ்வளவு மெதுவாக வாசித்துப் பல வருடம் ஆகியிருந்தது. வேகத்தில் மறைகிறதெல்லாம் மெதுவில் வெளியே வந்துவிடும். ரிஷபத்தில் என் கீழுதடு லேசாக நடுங்கியது எனக்கே கேட்டது. இரண்டாம் காலம் போனபோது நடுக்கம் அடங்கியது. மேல் ஸட்ஜம் வந்தது. காற்றைக் கொடுத்து நிறுத்தினேன். அப்படியே நின்றது. வேப்ப மரத்தில் இருந்த காகங்கள் எழும்பிப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தன. இன்னும் நின்றது.

"வெருளேல்லை" என்றார் ஐயா.

அதற்குப் பிறகு எல்லாம் வாசித்தேன். மல்லாரியில் தவில் தம்பி என்னைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார். எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டேன், தாத்தா சொல்லித் தந்தது என்றார். வேலியோரம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள், பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், பால்காரர். தோடி முடிய ஏழரை ஆகிவிட்டது. வெயில் முகத்தில் அடித்தும் ஐயா நாற்காலியை நகர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஐயா அலமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் கொடுத்தார். நீளவாட்டில் திறக்கும் கணக்குக் கொப்பி. உறையூரில் எழுதியது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் எழுதிய ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"நாயனம் 4,500. சீவாளி 4க்கு 60. பஸ். இருவருக்குச் சாப்பாடு." அதற்கு அடுத்த வரி: "மாயாமாளவகௌளை. மூச்சு போதாது." அடுத்து, "வாடகை கொடுத்தது." அடுத்து, "தம்பிக்குக் காய்ச்சல். வாசிப்பு இல்லை." பிறகு, "கல்யாணி. ஆரோகணம் மட்டும். நன்று." அரிசி, மண்ணெண்ணெய், காம்போதி, மருந்து, சங்கராபரணம், பொலிஸ் பதிவுக்குப் போன செலவு, மோகனம் என்று பக்கம் பக்கமாக. கடைசிப் பக்கத்தில் 2010. "ஊருக்குப் பயணம். தம்பி சென்னையில் கல்யாண வாசிப்பு. நல்லது."

நான் பதினைந்து வருடமாக மன்னிப்புக் கேட்க நினைத்த நாளுக்கு எதிரே 'நல்லது' என்று எழுதி வைத்திருக்கிறார்.

பையில் கொண்டுவந்த உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். 25,000 ரூபாய். அதற்கு மேல் இந்தியப் பணம் கையில் எடுத்து வர விதியில்லை. வாங்க மாட்டார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்து என்னென்னவோ வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். ஐயா உறையைப் பிரித்தார். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். "இப்ப இந்தியாக் காசு ஒண்டுக்கு மூண்டரை வருமோ?" என்று கேட்டு, கொப்பியின் கடைசியில் காலியாக இருந்த இடத்தில் 'வரவு' என்று போட்டுத் தொகையை எழுதினார். என் கண் நிறைந்துவிட்டது. என் கையிலிருந்து அவர் எதையாவது வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தவில் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஆனியில வைரவருக்குப் பொங்கல். நாலைஞ்சு வருசமா ஸ்பீக்கரில தான் மேளம் போடுறம். இந்த முறை ஆக்கள் வந்து வாசிக்க வேணும். ரெண்டு சோடி நாயனம், நாலு தவில். உன்ர ஆக்களிட்டச் சொல்லி வை. விலை பேச வேண்டாம், கேக்கிறதைக் குடுப்பம்."

'வரவு' என்ற வரிக்குக் கீழே எழுதினார்: "செலவு. வைரவர் மேளம்."

ஐந்தாம் நாள்: திரும்புதல்

அம்மா ஒரு பை நிறைய ஒடியல், பனங்கட்டி, எள்ளுருண்டை, ஒரு போத்தல் மிளகாய்த்தூள் எல்லாம் கட்டி வைத்திருந்தார். "மிளகாய்த்தூள் உங்கட மனுசிக்கு. கறிக்கு ஒரு கரண்டி காணும், கூடப் போட்டிடாதேங்கோ." சுங்கத்தில் விடுவார்களோ என்றேன். "கேட்டால் அம்மா தந்தது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

தவில் தம்பி ஓட்டோவில் காங்கேசன்துறை வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று வந்துவிட்டார். புறப்படும்போது ஐயா வாசல் வரை வந்தார். மூன்று நாளும் எதையும் கேட்காதவர், ஒன்று கேட்டார்.

"தம்பி, பழசு ஒரு சீவாளி இருந்தால் தந்துபோட்டுப் போறீரோ? வாசிச்சுத் தேய்ஞ்சது காணும்."

நாயனத்தில் கயிறு கட்டி நாலைந்து சீவாளி தொங்கவிட்டிருப்போம். வைரவர் கோயிலில் நேற்று வாசித்ததை அவிழ்த்துக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒழுங்கை திரும்பும்வரை அப்படியே நின்றது ஓட்டோக் கண்ணாடியில் தெரிந்தது.

காங்கேசன்துறைச் சோதனையில் மறுபடியும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துணியை விலக்கினேன். கயிற்றில் ஒரு முடிச்சு காலியாக இருந்தது. அதில் இன்னும் வேறு சீவாளி கட்டவில்லை.